ஹிஜாப் வழக்கு முதல் ஷாஹின் பாக் வரை: 'பொதுவெளி' என்பது யாருடைய இடம்?

2021 டிசம்பர் கடைசி. கர்நாடக மாநிலம் உடுப்பியில் உள்ள அரசு மகளிர் பியூ கல்லூரி. ஹிஜாப் அணிந்து வந்த 6 மாணவிகள் வகுப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. பத்தே மாதங்களில் அந்த விவகாரம் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்த நாட்களில் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஆபீஸ் லஞ்ச் டேபிளிலும் இரண்டு வாக்கியங்களைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். "படிக்க வர்ற இடத்துல மதம் எதுக்கு?" என்பது ஒன்று. "அவங்க என்ன போட்டுக்கணும்னு சொல்ல நீங்க யாரு?" என்பது இன்னொன்று.

இரண்டும் நியாயமாகத்தான் படும். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. பொதுவான இடம் என்று நாம் சொல்கிறோமே, அதன் வாசலில் யார் எதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும்? அதை முடிவு செய்வது யார்?

சமூகவியலில் இந்தக் கேள்வியைச் சுற்றி 60 ஆண்டுகளுக்கு மேலாக விவாதம் நடக்கிறது. அதில் இஸ்லாமியச் சமூகங்களைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த விவாதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், டிவி டிபேட்டில் கேட்கும் சத்தத்தைத் தாண்டி விஷயம் என்னவென்று பிடிபடும்.

பொதுவெளி என்றால் என்ன?

முதலில் ஒரு சின்ன வித்தியாசம். பஸ் ஸ்டாண்ட், பூங்கா, சாலை எல்லாம் பொது இடங்கள். பொதுவெளி என்பது அது மட்டும் அல்ல. ஊர் விஷயத்தைப் பற்றி மக்கள் கூடிப் பேசி, ஒரு கருத்தை உருவாக்கி, ஆட்சியில் இருப்பவர்களைக் கேள்வி கேட்கும் தளம்தான் பொதுவெளி. டீக்கடை பெஞ்ச், பத்திரிகை, போராட்டப் பந்தல், ட்விட்டர் எல்லாமே அதில் சேரும்.

இந்தக் கருத்தைப் பிரபலமாக்கியவர் ஜெர்மன் சிந்தனையாளர் யுர்கன் ஹேபர்மாஸ். 1962-ல் வெளியான அவருடைய புத்தகத்தில், 17, 18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் காபிக் கடைகள், பத்திரிகைகள், இலக்கியக் கூட்டங்கள் ஆகியவற்றில்தான் நவீன பொதுவெளி பிறந்தது என்றார். அங்கே நீ யார், உன் அப்பா யார் என்பது முக்கியமில்லை, நீ வைக்கும் வாதம்தான் முக்கியம். குறைந்தபட்சம், அப்படித்தான் அந்த இடம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் இனிமேல்தான்.

காபிக் கடை எங்கிருந்து வந்தது?

லண்டனின் முதல் காபிக் கடை 1652 வாக்கில் திறக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 100 ஆண்டுகள் முன்பே, 1550-களில், இஸ்தான்புல்லில் காபிக் கடைகள் வந்துவிட்டன. அதற்கும் முன்னால், ஏமனின் சூஃபிகள் இரவு வழிபாட்டில் தூக்கம் வராமல் இருக்கக் காபி குடித்தார்கள்.

1511-ல் மக்காவில் அதிகாரியாக இருந்த காயிர் பேக் காபிக்குத் தடை போட்டார். காபி போதையா என்பது பற்றி மார்க்க வாதங்கள் வைக்கப்பட்டன. ஆனால், காபி குடிக்க மக்கள் கூடுவதும் கூடிப் பேசுவதும் அதிகாரத்துக்கு உறுத்தலாக இருந்தது. 1633-ல் ஒட்டோமான் சுல்தான் நான்காம் முராத் இஸ்தான்புல் காபிக் கடைகளை மூடச் சொன்னார். 1675-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸும் அதே போன்ற உத்தரவைப் போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், அமலாகும் முன்பே வாபஸ் வாங்கினார்.

சுல்தானுக்கும் ராஜாவுக்கும் ஒரே பயம்தான். அப்படியிருக்க, பொதுவெளி என்பது ஐரோப்பாவுக்கே உரியது, முஸ்லிம் சமூகங்களில் பள்ளிவாசலும் அரசும் மட்டும்தான் இருந்தன என்ற பிம்பம் எப்படி வந்தது? இஸ்லாமியச் சமூகவியல் ஆய்வாளர்கள் இந்தப் பிம்பத்தைத்தான் முதலில் உடைத்தார்கள்.

உதாரணமாக, வக்ஃப். இன்று நமக்கு அது ஒரு நில வழக்குச் செய்தி. ஆனால் பல நூற்றாண்டுகளாகப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர், சத்திரம் போன்றவற்றை நடத்திய அமைப்பு அது. எது பொது நலன், யாருக்கு உதவி போக வேண்டும் என்ற பேச்சு அதைச் சுற்றி நடந்தது. இதையும் ஒரு பொதுவெளியாகப் பார்க்க வேண்டும் என்று 2002-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் வரலாற்றாளர் மிரியம் ஹெக்ஸ்டர் உள்ளிட்டோர் வாதிட்டார்கள்.

இன்னொரு உதாரணம் எகிப்து. 1990-களில் கெய்ரோவில் டாக்சியிலும் கடைகளிலும் மார்க்கச் சொற்பொழிவு கேசட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். மானுடவியலாளர் சார்லஸ் ஹிர்ஷ்கைண்ட் அதைப் பற்றி 2006-ல் ஒரு புத்தகம் எழுதினார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. சொன்னது சரியா தவறா, எப்படி வாழ்வது, அரசு செய்வது நியாயமா என்று பேசிக்கொண்டார்கள். அதாவது, மதம் வெளியிலிருந்து பொதுவெளிக்குள் வந்து புகுந்த ஒன்றாக அங்கே இல்லை. அதுவே ஒரு பொதுவெளியைக் கட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் காவலாளி உண்டா?

ஹேபர்மாஸின் காபிக் கடைக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் விமர்சனம் வந்தது. அமெரிக்கச் சிந்தனையாளர் நான்சி ஃப்ரேசர் 1990-ல் கேட்டது எளிமையான கேள்வி: அந்தக் காபிக் கடையில் பெண்கள் எங்கே? கூலித் தொழிலாளி எங்கே? எல்லோரும் சமம் என்று அறிவிப்பதால் எல்லோரும் சமமாகிவிட மாட்டார்கள். உள்ளே எப்படிப் பேசுவது, எப்படி உடுத்துவது என்பதை ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் தீர்மானித்திருப்பார்கள். வெளியே நிற்பவர்கள் தங்களுக்கென எதிர்ப் பொதுவெளிகளை உருவாக்கிக்கொள்வார்கள் என்றார் அவர்.

துருக்கியில் இது கண்ணுக்குத் தெரிந்தது. 1999 மே 2 அன்று, தேர்தலில் வென்ற மெர்வே கவாக்சி தலையில் முக்காட்டுடன் நாடாளுமன்றத்துக்கு வந்தார். உறுப்பினர்கள் கூச்சல் போட்டார்கள். அவரால் பதவியேற்கவே முடியவில்லை. பிறகு குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 2013 அக்டோபரில் அதே நாடாளுமன்றத்துக்கு 4 பெண் உறுப்பினர்கள் முக்காட்டுடன் வந்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை.

துருக்கிச் சமூகவியலாளர் நிலுஃபர் கோலே இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தார். வீட்டு வேலை செய்யும் பெண்ணோ கிராமத்துப் பாட்டியோ முக்காடு போட்டால் யாருக்கும் உறுத்துவதில்லை. படித்த, நகரத்து இளம்பெண் அதே முக்காட்டுடன் பல்கலைக்கழகத்துக்குள் வரும்போதுதான் அது பிரச்னையாகிறது. அந்த இடத்தில் அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

உடுப்பி வழக்கில் என்ன நடந்தது?

இப்போது உடுப்பிக்குத் திரும்புவோம். 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு சீருடை பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. பிப்ரவரி 10-ல் உயர் நீதிமன்றம், சீருடை உள்ள வகுப்பறைகளில் ஹிஜாப், காவித் துண்டு போன்ற எதுவும் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. மார்ச் 15 அன்று 3 நீதிபதிகள் அமர்வு இறுதித் தீர்ப்பை வழங்கியது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, ஹிஜாப் இஸ்லாத்தின் 'அத்தியாவசிய மத நடைமுறை' அல்ல என்றது நீதிமன்றம். இந்த அளவுகோல் வந்த கதை சுவாரஸ்யமானது. 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஷிரூர் மடம் வழக்கில்தான் இது பிறந்தது. அந்த மடம் உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று. அப்போது அந்தப் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது. மடத்தின் மீது சென்னை அரசு கொண்டுவந்த கட்டுப்பாடுகளை எதிர்த்துத்தான் வழக்கு. எது அத்தியாவசியம் என்பதை முதன்மையாக அந்தந்த மதத்தின் கோட்பாடுகளை வைத்தே பார்க்க வேண்டும் என்றது அன்றைய தீர்ப்பு. பிற்பாடு, எது அத்தியாவசியம் என்று நீதிபதிகளே நூல்களைப் படித்து முடிவு செய்யும் வழக்கமாக அது மாறியது.

இரண்டு, பள்ளி என்பது சாலை மாதிரியான பொது இடம் அல்ல, ஒரு நோக்கத்துக்காக வரையறுக்கப்பட்ட பொது இடம் என்றது தீர்ப்பு. நீதிமன்ற அறை, ராணுவ முகாம் மாதிரி. அங்கே ஒழுங்குக்காகத் தனிநபர் உரிமைகள் கொஞ்சம் சுருங்கும் என்பது வாதம்.

இப்போது அந்த மாணவிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். 'இது என் விருப்பம், என் கண்ணியம்' என்றும் வாதம் வைக்கப்பட்டது. ஆனால் வழக்கின் பெரும் பகுதி, குர்ஆனில் இது கட்டாயமா இல்லையா என்பதில்தான் ஓடியது. கட்டாயம் இல்லை என்றால் பாதுகாப்பு இல்லை. கட்டாயம் என்றால், மதத்துக்கு வகுப்பறையில் என்ன வேலை என்ற கேள்வி காத்திருக்கிறது. எப்படிப் பேசினாலும் கதவு திறக்காத ஒரு நிலை.

2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹேமந்த் குப்தா உயர் நீதிமன்றத்துடன் உடன்பட்டார். மதச்சார்பற்ற அரசுப் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே சீருடை என்பது சமத்துவம்தான் என்பது அவர் பார்வை. நீதிபதி சுதான்ஷு துலியாவோ, அத்தியாவசியமா இல்லையா என்ற கேள்வியே இங்கே தேவையில்லை என்றார். இது விருப்பம் சார்ந்த விஷயம், கல்லூரி வாசலில் ஒரு பெண்ணை ஹிஜாபைக் கழற்றச் சொல்வது அவளுடைய அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்றார். அவளுக்குப் படிப்பை மறுப்பதால் அவள் வாழ்க்கை எந்த வகையில் மேம்படுகிறது என்பதும் அவர் எழுப்பிய கேள்வி. வழக்கு பெரிய அமர்வுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

எண்கள் என்ன சொல்கின்றன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் முஸ்லிம்கள் 17.22 கோடி பேர். அதாவது 14.2%. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில், கல்லூரிகளில் படிக்கும் 4.33 கோடி மாணவர்களில் முஸ்லிம்கள் சுமார் 21.1 லட்சம். அதாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள்.

இந்த இடைவெளிக்கு ஹிஜாப் விவகாரம் காரணம் இல்லை. வறுமை, பள்ளியில் பாதியில் நிற்பது, பக்கத்தில் கல்லூரி இல்லாதது என்று காரணங்கள் பழையவை. 2006-ல் சச்சார் கமிட்டி அதில் பலவற்றைப் பட்டியல் போட்டுவிட்டது. ஆனால் ஏற்கனவே குறைவான பேர் வந்து சேரும் ஒரு வாசலில் புதிதாக ஒரு நிபந்தனை வைக்கும்போது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

பொட்டு வைத்தால் பண்பாடு, முக்காடு போட்டால் மதமா?

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எது மத அடையாளம், எது சாதாரணம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பொட்டு, வளையல், தலைப்பாகை எல்லாம் இருக்கிறதே என்று கர்நாடக வழக்கில் மாணவிகள் தரப்பு கேட்டது.

2024 ஆகஸ்டில் மும்பையின் ஒரு கல்லூரி ஹிஜாப், தொப்பி போன்றவற்றுக்குத் தடை விதித்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பொட்டு, திலகம் வைத்துக்கொண்டு வருபவர்களையும் தடுப்பீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். தடையின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார்கள்.

உங்கள் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை அன்று லேப்டாப்புக்கும் சர்வர் ரூமுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம், பொரி கொடுப்போம். அதை யாரும் மத நிகழ்ச்சியாக நினைப்பதில்லை, 'நம்ம வழக்கம்' என்போம். அதே ஆபீஸில் வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர் தொழுகைக்குப் போக வேண்டுமென்றால், காலண்டரைப் பார்த்து, மீட்டிங்கைத் தள்ளிவைத்து, இரண்டு பேரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். யாரும் அவரை வேண்டுமென்றே ஒதுக்கவில்லை. ஆனால் பெரும்பான்மையின் மதம் பண்பாடாகத் தெரியும், சிறுபான்மையின் பண்பாடு மதமாகத் தெரியும். பொதுவெளி எப்போதும் ஏதோ ஒரு பழக்கத்தின் அளவுக்குத் தைக்கப்பட்ட சட்டைதான்.

ஹேபர்மாஸே பின்னாளில் இதில் இறங்கி வந்தார். 2001-க்குப் பிறகு அவர் எழுதியவற்றில், மத நம்பிக்கையுள்ள குடிமக்கள் பொது விவாதத்தில் தங்கள் மத மொழியிலேயே பேசலாம் என்றார். நாடாளுமன்றம், நீதிமன்றம் போன்ற இடங்களுக்கு வரும்போது மட்டும் அது எல்லோருக்கும் புரியும் பொது மொழிக்கு மாற வேண்டும். அந்த மாற்றும் வேலை நம்பிக்கையாளர்கள் தலையில் மட்டும் விழக் கூடாது, மற்றவர்களும் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றார்.

ஷாஹின் பாக்: பந்தலுக்குள் என்ன இருந்தது?

அந்தப் பொது மொழியில் முஸ்லிம் பெண்களே பேசினால் என்ன நடக்கும்? 2019 டிசம்பர் 15 முதல் 2020 மார்ச் 24 வரை டெல்லி ஷாஹின் பாக்கில் நடந்தது அதுதான். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து உட்கார்ந்த பெண்களில் பலர் முக்காடு போட்டவர்கள், பாட்டிகள், அதற்கு முன் மேடை ஏறாதவர்கள். அவர்கள் வாசித்தது அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை. பேருந்து நிறுத்தத்தில் ஃபாத்திமா ஷேக், சாவித்ரிபாய் புலே பெயரில் ஒரு நூலகம் வைத்தார்கள்.

அது ஒரு பொதுவெளி, அதே சமயம் அது நொய்டாவுக்குப் போகும் சாலை என்கிற பொது இடமும்கூட. 2020 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், போராட உரிமை உண்டு, ஆனால் பொதுப் பாதையைக் காலவரையின்றி அடைக்கக் கூடாது, போராட்டங்கள் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் நடக்க வேண்டும் என்றது. தினமும் அந்த வழியாக வேலைக்குப் போனவரின் சிரமம் உண்மை. ஆனால் ஒதுக்கிய இடத்தில் மட்டும் பேசினால் யார் காதில் விழும் என்ற கேள்வியும் உண்மை.

முஸ்லிம்களுக்கு ஒரே குரலா?

இங்கே ஒரு பொறியில் நாம் மாட்டிக்கொள்ளக் கூடாது. முஸ்லிம்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, ஒரு மௌலானாவின் பைட்டோடு முடித்துக்கொள்வது ஊடகங்களின் பழைய வழக்கம். அந்தச் சமூகத்துக்குள்ளும் வாசல்கள் உண்டு, காவலாளிகள் உண்டு.

1973-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், உடனடி முத்தலாக் விஷயத்தில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஆனால் பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் என்ற பெண்கள் அமைப்பு, 10 மாநிலங்களில் 4,710 முஸ்லிம் பெண்களிடம் நடத்திய ஆய்வை 2015-ல் வெளியிட்டிருந்தது. 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அந்த முறையைத் தடை செய்ய வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்கள் அரசமைப்பை மட்டும் கையில் எடுக்கவில்லை. குர்ஆனில் இப்படி ஒரு முறையே இல்லை என்று மதத்தின் மொழியிலேயே மதத் தலைமைக்குப் பதில் சொன்னார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் 3-2 என்ற கணக்கில் உடனடி முத்தலாக்கைச் செல்லாது என்று அறிவித்தது.

சாதியும் அப்படித்தான். இந்திய முஸ்லிம்களிடையே சாதி அடுக்கு இருப்பதைச் சமூகவியலாளர் இம்தியாஸ் அகமத் 1973-லேயே ஒரு தொகுப்பில் பதிவு செய்தார். 1998-ல் பீகாரில் அலி அன்வர் தொடங்கிய பஸ்மந்தா இயக்கம், மேல்சாதி முஸ்லிம்கள் மட்டுமே எல்லோருக்காகவும் பேசுவதைக் கேள்வி கேட்டது. பஸ்மந்தா என்ற பாரசீகச் சொல்லுக்குப் பின்தங்க விடப்பட்டவர்கள் என்று பொருள். பட்டியல் சாதி பற்றிய 1950 குடியரசுத் தலைவர் ஆணையில் தலித் முஸ்லிம்களுக்கு இன்றும் இடமில்லை. தன் மதத்தைச் சொன்னால் சாதியால் பட்ட காயத்தைச் சட்டத்தில் சொல்ல முடியாது என்ற நிலை இது.

அப்போ, ஈரான்?

உடுப்பி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த அதே 2022 செப்டம்பரில், ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று கைது செய்யப்பட்ட 22 வயது மஹ்சா அமினி தெஹ்ரானில் இறந்தார். ஈரான் பெண்கள் தெருவில் இறங்கி முக்காட்டைக் கழற்றினார்கள். "பாருங்க, அங்க அவங்களே வேண்டாம்கிறாங்க" என்று இங்கே சிலர் சொன்னார்கள்.

ஆனால் இரண்டு இடத்திலும் துணி மட்டும்தான் ஒன்று. ஈரானில் போட்டால்தான் தெருவுக்கு வரலாம் என்றது அரசு. உடுப்பியில் கழற்றினால்தான் வகுப்புக்கு வரலாம் என்றது அரசு. இரண்டு ஊர்ப் பெண்களும் கேட்டது ஒன்றையே: உள்ளே வர நான் கொடுக்க வேண்டிய விலையை நீங்கள் ஏன் நிர்ணயிக்கிறீர்கள்?

ஹிஜாப் ஆணாதிக்கத்தின் அடையாளம் என்று வாதிடும் முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள். வீட்டில் அழுத்தம் கொடுத்து அணிய வைப்பதும் நடக்கிறது. அந்த விவாதம் நடக்கத்தான் வேண்டும். அந்த விவாதத்தை நடத்த அந்தப் பெண் முதலில் வகுப்பறைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த செய்தி வரும்போது கேட்க 3 கேள்விகள்

இது இத்தோடு முடியும் விஷயம் அல்ல. சாலையில் தொழுகை, ஒலிபெருக்கி, ஆபீஸ் டிரெஸ் கோடு என்று ஏதோ ஒரு வடிவில் திரும்ப வரும். அப்போது இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. இந்த விதி யாருடைய பழக்கத்தை 'நார்மல்' என்று எடுத்துக்கொள்கிறது? அதே விதியை எல்லாப் பழக்கங்களுக்கும் வைத்தால் நாம் ஏற்போமா?

2. விதியால் பாதிக்கப்படுபவர் பேசுகிறாரா, அல்லது அவருக்காக வேறு யாரோ பேசுகிறார்களா? அந்த வேறு யாரோ அரசா, மதத் தலைவரா, டிவி ஆங்கரா?

3. விதிக்குக் கீழ்ப்படியாவிட்டால் இழப்பு என்ன? ஒரு மீட்டிங்கா, ஒரு பரீட்சையா, ஒரு படிப்பா?

மூன்றாவது கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். உடுப்பியில் கல்லூரி வாசலில் நின்ற பெண்களுக்குப் பொதுவெளிக் கோட்பாடு பெரிய கவலையாக இருந்திருக்காது. அவர்களுக்கு முன்னால் இருந்தது அந்த வருடத்துப் பரீட்சை.